அலைகளைத் தாங்குமா உங்கள் வீட்டு மருத்துவக் கருவி?

1992-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஒரு பெண்மணியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இதயத் துடிப்பைக் காட்டி, தேவைப்பட்டால் மின் அதிர்ச்சியும் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் கருவியை அவருக்குப் பொருத்தியிருந்தார்கள். வண்டியில் இருந்த பணியாளர்கள் மருத்துவரிடம் ஆலோசனை கேட்க வயர்லெஸ்ஸில் பேசிய ஒவ்வொரு முறையும் அந்தக் கருவி நின்றுபோனது. நோயாளி பிழைக்கவில்லை.

பிறகு ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. அந்த வண்டியின் உலோகக் கூரையை எடுத்துவிட்டு ஃபைபர் கிளாஸ் கூரை போட்டிருந்தார்கள். அதன் மேலேயே தொலைதூரம் எட்டக்கூடிய ஆன்டெனாவையும் பொருத்தியிருந்தார்கள். உலோகம் தடுத்திருக்க வேண்டிய ரேடியோ அலை நேராக உள்ளே இறங்கியது. கருவி இருந்த இடத்தில் மின்புலம் மீட்டருக்கு 20 வோல்ட் வரை எட்டியிருந்தது.

டீஃபிப்ரிலேட்டரும் வயர்லெஸ்ஸும் தனித்தனியே நன்றாகத்தான் வேலை செய்தன. இரண்டையும் ஒரே வண்டிக்குள் வைத்தபோதுதான் சிக்கல். பக்கத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர் ஓடினாலும் கருவி தன் வேலையைத் தவறாமல் செய்யுமா என்று பார்ப்பதற்கென்றே ஒரு சோதனை உண்டு. ரேடியோ அலைத் தாங்குதிறன் சோதனை என்று அதைச் சொல்லலாம். எலக்ட்ரானிக்ஸ் துறையில் இருப்பவர்கள் 'இ.எம்.சி. டெஸ்ட்' என்று பொதுவாகச் சொல்லும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

நம் நாட்டில் விற்கும் எத்தனையோ எலக்ட்ரானிக் பொருள்களுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை. கட்டாயமாக உள்ள இடங்களிலும் அதன் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பழக்கம் வேரூன்றவில்லை. ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று கேட்கப் பழகிவிட்டோம். அலை பட்டால் தடுமாறுமா என்ற கேள்வியையும் அதே கண்டிப்போடு கேட்கும் காலம் வந்துவிட்டது.

கருவிக்குள் ஒரு ரேடியோ

பழைய 2ஜி செல்போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு ஒரு சத்தம் நினைவிருக்கும். மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் ஸ்பீக்கர் 'டிட்டிட் டிட்டிட் டிர்ர்' என்று கரகரக்கும். போன் அனுப்புவது 900 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலை. அது காதுக்குக் கேட்காது. ஆனால் 2ஜி போன் அந்த அலையைத் தொடர்ச்சியாக அனுப்பாமல், நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அனுப்பும். ஸ்பீக்கரின் ஒயர் ஆன்டெனாவாகி அந்த அலையைப் பிடித்துவிடுகிறது. ஐ.சி.க்குள் இருக்கும் டையோடு, டிரான்சிஸ்டர் சந்திகள் அலையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுக்கின்றன. அந்த 217 ஹெர்ட்ஸ்தான் நம் காதில் விழுகிறது. கிரிஸ்டல் ரேடியோ வேலை செய்ததும் இப்படித்தான்.

ஸ்பீக்கரில் இது வெறும் தொல்லை. இதுவே இ.சி.ஜி. மானிட்டரில் இல்லாத துடிப்பாகத் தெரியலாம். வெப்பநிலை சென்சாரில் தவறான எண்ணாக வரலாம். சொட்டுச்சொட்டாக மருந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப்பை நிறுத்திவிடலாம். கருவிக்குள் போகும் ஒவ்வொரு ஒயரும், சர்க்யூட் போர்டில் ஓடும் ஒவ்வொரு செம்புக் கோடும், அளவு பொருந்தினால் ஆன்டெனாதான். எஃப்.எம். ரேடியோ அலைக்கு 75 சென்டிமீட்டர் ஒயர் போதும். 900 மெகாஹெர்ட்ஸுக்கு 8 சென்டிமீட்டரே போதும். நோயாளியின் நெஞ்சிலிருந்து மானிட்டருக்கு வரும் ஒயர் ஒரு மீட்டருக்கும் அதிகமான நீளம் கொண்டது.

எவ்வளவு அலை வந்து விழும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. டிரான்ஸ்மிட்டரின் வாட் அளவுக்கு வர்க்கமூலம் எடுத்து, 6-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 2 வாட்டில் அனுப்பும் போன் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் மீட்டருக்கு 28 வோல்ட். 5 வாட் வாக்கி-டாக்கி ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 13 வோல்ட். அதே வாக்கி-டாக்கி அரை மீட்டர் நெருங்கினால் 27 வோல்ட். தூரம் பாதியானால் அளவு இரட்டிப்பாகும். செல்போன் கோபுரத்தைப் பார்த்து அஞ்சுகிறோம். கருவிகளைப் பொறுத்தவரை, கட்டிலுக்கு மேல் சார்ஜில் கிடக்கும் போனும் வார்டில் நிற்கும் காவலரின் வாக்கி-டாக்கியும்தான் அதிகக் கவனத்துக்குரியவை.

சோதனை எப்படி நடக்கிறது?

இந்தச் சோதனைக்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படும் தரநிர்ணயம் ஐ.இ.சி. 61000-4-3. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வெளியிட்டது. இதன் முன்னோடி 1984-லேயே ஐ.இ.சி. 801-3 என்ற எண்ணில் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2020-இல் வெளியான நான்காம் பதிப்பு.

சோதனை நடக்கும் அறைக்கு ஆறு பக்கமும் இரும்புக் கவசம். உள்சுவரில் ஃபெரைட் ஓடுகள் பதித்திருக்கும். அவற்றின் மேல் கரித்தூள் ஊறிய நுரைக் கூம்புகள் வரிசைவரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் மோதும் அலை திரும்பி வந்து கணக்கைக் கெடுக்காதபடி அவை விழுங்கிவிடும். கருவியை 80 சென்டிமீட்டர் உயரமுள்ள, உலோகமில்லாத மேசையில் வைக்கிறார்கள். எதிரே 3 மீட்டர் தள்ளி ஆன்டெனா. அறைக்கு வெளியே அதற்கு அலைச்சக்தி தரும் ஆம்ப்ளிஃபயர். இந்த லேபில் விலை உயர்ந்த சாதனங்களில் அதுவும் ஒன்று.

கருவியைக் கொண்டுவருவதற்கு முன்பே அறையை அளந்து வைத்திருப்பார்கள். கருவி நிற்கப்போகும் இடத்தில் ஒன்றரை மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் உயரமும் கொண்ட ஒரு செங்குத்துத் தளத்தைக் கற்பனை செய்து, அதில் 16 புள்ளிகளில் மின்புலத்தை அளப்பார்கள். 12 புள்ளிகளிலாவது அளவு குறிப்பிட்ட எல்லைக்குள் ஒத்துப்போனால்தான் அந்த அறை இந்தச் சோதனைக்குத் தகுதி பெறும்.

பிறகு அலையை 80 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி ஒரு சதவீதம் ஒரு சதவீதமாக உயர்த்திக்கொண்டே போவார்கள். அலை சீராக இருக்காது. நொடிக்கு ஆயிரம் முறை ஏறி இறங்கும்படி 80 சதவீதம் பண்பேற்றம் செய்திருப்பார்கள். ஸ்பீக்கர் கரகரத்ததை நினைத்துப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். கருவியின் நான்கு பக்கமும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆன்டெனாவைக் கிடைமட்டமாக ஒருமுறை, செங்குத்தாக ஒருமுறை என மொத்தம் எட்டுச் சுற்று. மருத்துவக் கருவிக்கு 2.7 கிகாஹெர்ட்ஸ் வரை போக வேண்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் 350 நிறுத்தம் என்றால் எட்டுச் சுற்றுக்கு ஏறக்குறைய 2,800 நிறுத்தங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கருவி தடுமாறுகிறதா என்று கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு நேரம் பார்ப்பது? குறைந்தது அரை நொடி என்கிறது அடிப்படைத் தரநிர்ணயம். கருவி தன் தடுமாற்றத்தைக் காட்ட அதைவிட அதிக நேரம் எடுக்குமானால் அவ்வளவு நேரமும் காத்திருந்தாக வேண்டும். மெதுவாக மருந்து செலுத்தும் பம்ப் தவறான அளவில் ஓடுவது அரை நொடியில் தெரியாது. நிறுத்தத்துக்குப் பத்து நொடி என்று வைத்தாலே எட்டு மணி நேரம் ஆகிவிடும். அவசரமாக முடித்த சோதனைக்கும் பொறுமையாக முடித்த சோதனைக்கும் கிடைப்பது அதே 'பாஸ்' முத்திரைதான். உள்ளே நடந்ததை அறிக்கையைப் படித்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எவ்வளவு தாங்க வேண்டும்?

மீட்டருக்கு 1, 3, 10, 30 வோல்ட் என்று படிநிலைகள் உண்டு. எந்தக் கருவிக்கு எது என்பதை அந்தந்தத் துறையின் தரநிர்ணயம் சொல்லும். இந்த எண்களுக்குப் பின்னால் ஆய்வக ஆராய்ச்சி மட்டும் இல்லை, விபத்துகளும் இருக்கின்றன.

முதலில் பாடம் படித்தது ராணுவம். 1982 மே 4 அன்று ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்ட் போர்க்கப்பலை ஏவுகணை தாக்கியது. இருபது பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில் கப்பலின் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இயங்கிக்கொண்டிருந்ததால், எதிரியின் ரேடாரைக் கண்டுபிடிக்க வேண்டிய சொந்தக் கருவி மழுங்கிப்போயிருந்தது. 1984-இல் ஜெர்மன் விமானப்படையின் டொர்னாடோ விமானம் மியூனிக் அருகே சக்திவாய்ந்த ஒரு வானொலி ஒலிபரப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் பறந்தபோது விழுந்தது. மின்காந்தக் குறுக்கீட்டால் நேர்ந்த கோளாறுகளைத் தொகுத்து நாசா 1995-இல் வெளியிட்ட அறிக்கையில் அந்த விபத்தும் இடம்பெற்றது. ராணுவ விமானக் கருவிகளுக்கு மீட்டருக்கு 200 வோல்ட் வரை சோதிக்கும் வழக்கம் சும்மா வந்துவிடவில்லை.

மருத்துவத் துறை சற்றுத் தாமதமாக விழித்துக்கொண்டது. கைக்குழந்தைகளின் மூச்சு நின்றால் அலாரம் அடிக்கும் மானிட்டர்கள் அமெரிக்க வீடுகளில் பரவலாக இருந்தன. 1980-களின் இறுதியில் அங்குள்ள உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அவற்றைச் சோதித்தது. சில மாதிரிகள் மீட்டருக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அலையிலேயே ஏமாந்தன. அந்தக் கருவி குழந்தையின் மார்பில் ஏற்படும் மிகச் சிறிய மின்தடை மாற்றத்தை வைத்து மூச்சைக் கணக்கிடுகிறது. ஏறி இறங்கும் ரேடியோ அலையை அது மூச்சு என்று எடுத்துக்கொண்டது. பொய் அலாரம் அடித்தால் தாய் எழுந்து வந்து பார்ப்பாள். மூச்சு நின்றபின்னும் அலாரம் அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்து பேட்டரி சக்கர நாற்காலிகள். அருகில் யாராவது டிரான்ஸ்மிட்டரை இயக்கினால் பிரேக் தானாக விடுபட்டது. சக்கரம் தானாகச் சுழன்றது. 1994-இல் அதே நிர்வாகம் புதிய நாற்காலிகள் மீட்டருக்கு 20 வோல்ட்டாவது தாங்க வேண்டும் என்றும், ஆபத்தை விளக்கும் எச்சரிக்கை ஒட்டவேண்டும் என்றும் தயாரிப்பாளர்களிடம் கூறியது.

மருத்துவக் கருவிகளுக்கான தனித் தரநிர்ணயமான ஐ.இ.சி. 60601-1-2 முதலில் 1993-இல் வந்தது. 2014-இல் வந்த நான்காம் பதிப்பு ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. அதற்கு முந்தைய பதிப்பில் உயிர்காக்கும் கருவிக்கு 10 வோல்ட், மற்றவற்றுக்கு 3 வோல்ட் என்று இருந்தது. புதிய பதிப்பு கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டது. மருத்துவமனையில் இருந்தால் 3, வீட்டில் இருந்தால் 10. வீட்டுக்கு ஏன் அதிகம்? மருத்துவமனையில் 'இங்கே போன் பேசாதீர்' என்று பலகை வைக்கலாம், கண்காணிக்கலாம். வீட்டில் யார் எந்தக் கருவியை எதன் மேல் வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதோடு, செல்போன், வைஃபை போன்றவை 30 சென்டிமீட்டர் வரை நெருங்கும் என்று வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட அதிர்வெண்களில் 9 முதல் 28 வோல்ட் வரை தனியாகச் சோதிக்கவும் சொன்னது. நாம் மேலே போட்ட 28 வோல்ட் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

பிறர் என்ன செய்தார்கள்?

ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதில் இரண்டு பாதையில் போயின. ஐரோப்பிய சமூகம் 1989-இல் ஒரு கட்டளை பிறப்பித்து, 1996 ஜனவரி 1 முதல் அதைக் கட்டாயமாக்கியது. ஒரு கருவி பிறரைத் தொந்தரவு செய்யக் கூடாது, பிறர் தொந்தரவையும் ஓரளவு தாங்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்டது. பொம்மை முதல் வாஷிங் மெஷின் வரை அங்கே விற்க வேண்டுமானால் இதற்கு உட்பட வேண்டும்.

அமெரிக்காவில் தகவல் தொடர்பு ஆணையம் வெளியே அலை கசிவதை மட்டும் கண்டிப்போடு கட்டுப்படுத்துகிறது. வீட்டுக் கருவிகளின் தாங்குதிறனைக் கட்டுப்படுத்த 1982-லேயே நாடாளுமன்றம் அதற்கு அதிகாரம் கொடுத்தது. ஆணையமோ அதைத் தொழில் துறையின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. உங்கள் வீட்டு சார்ஜர், ரவுட்டர், கீபோர்டு ஏதாவதொன்றைத் திருப்பிப் பாருங்கள். தனக்கு வரும் எந்தக் குறுக்கீட்டையும், தன் இயக்கத்தைக் கெடுக்கும் குறுக்கீடு உட்பட, இந்தக் கருவி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். அமெரிக்க விதி எழுதச் சொன்ன வாசகம் அது. கருவி கெட்டுப்போனால் புகார் சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம்.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் இவ்விஷயம் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. 2012-இல் வந்த கட்டாயப் பதிவுத் திட்டத்தின்கீழ் டிவி, லேப்டாப், பவர் பேங்க், எல்.இ.டி. விளக்கு என்று நீண்ட பட்டியலுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு தேவை. அந்தப் பதிவு பார்ப்பது ஷாக், சூடு, தீ போன்ற பாதுகாப்பு அம்சங்களை. ரேடியோ அலைத் தாங்குதிறனை அது கேட்பதில்லை. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு நிலைமை மேல். 2017-இல் திருத்திய விதிகளின்படி தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் நடத்தும் கட்டாயச் சான்றிதழ் திட்டத்தில் இ.எம்.சி. சோதனை இடம்பெறுகிறது. வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ். 004 என்ற தரநிர்ணயம் உண்டு. ஐ.நா.வின் பத்தாம் எண் விதியைத் தழுவிய சோதனை அது. ஐ.நா. விதிப்படி வண்டியை உருளைகளின் மேல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டு, மீட்டருக்கு 30 வோல்ட் அலையில் நனைப்பார்கள்.

மின்மீட்டருக்கான சர்வதேசத் தரநிர்ணயம் சுவையான ஒன்றைக் கேட்கிறது. மின்னோட்டம் செல்லும்போது 10 வோல்ட் அலையிலும், செல்லாதபோது 30 வோல்ட் அலையிலும் சோதிக்க வேண்டும். ஒரு விளக்குகூட எரியாத வீட்டில் அலையின் தூண்டுதலால் மீட்டர் தானாக ஓடிவிடக் கூடாது அல்லவா? நகைக்கடைத் தராசு முதல் ரேஷன் கடைத் தராசு வரை எலக்ட்ரானிக் தராசுகளுக்கான சர்வதேச எடையளவைப் பரிந்துரையும் 10 வோல்ட்டில் சோதிக்கச் சொல்கிறது. அலையால் வரும் பிழை தராசின் ஒரு பிரிவு அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தராசே அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பரிந்துரைப்படி உலகம் ஏற்கும் சான்றிதழை வழங்கும் தகுதியை 2023-இல் இந்தியாவும் பெற்றுவிட்டது. காசு சார்ந்த கருவிகளில் நாம் விழிப்பாகத்தான் இருக்கிறோம்.

உயிர் சார்ந்த கருவிகளில்? 2017-இன் மருத்துவக் கருவி விதிகளும், 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளையும் மருந்துச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்த அறிவிப்பும் பெரிய முன்னேற்றங்கள். பி.ஐ.எஸ். தரநிர்ணயத்தைப் பின்பற்ற வேண்டும், அது இல்லாவிட்டால் ஐ.எஸ்.ஓ. அல்லது ஐ.இ.சி., அதுவும் இல்லாவிட்டால் உற்பத்தியாளர் தாமே சரிபார்த்த தரநிர்ணயம் என்று விதி சொல்கிறது. ஏட்டளவில் வழி இருக்கிறது. ஆனால் வாங்குபவர் கையில் வரும் பெட்டியில் அந்தக் கருவி எந்தச் சூழலுக்குச் சோதிக்கப்பட்டது, எத்தனை வோல்ட் தாங்கியது என்று சாதாரண மனிதர் தெரிந்துகொள்ள வழியில்லை. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்து அட்டவணையாக இருந்தால் உண்டு.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர்களுக்கு அலைந்தோம். கிடைத்ததை வாங்கினோம். அப்போது அதைக் குறைசொல்ல முடியாது. அந்தக் காலத்துக்குப் பிறகு வீட்டுப் படுக்கையறை ஒரு சிறு வார்டாகவே மாறிவிட்டது. ரத்த அழுத்தமானி, ஆக்ஸிமீட்டர், மூச்சுக்கருவி எல்லாம் அங்கே வைஃபை ரவுட்டருக்கும் இரண்டு மூன்று போன்களுக்கும் நடுவே இருக்கின்றன.

சோதனையிலும் ஓட்டைகள்

கட்டாயமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சோதனையின் பெரிய ஓட்டை, 'பாஸ்' என்றால் என்ன என்று முடிவு செய்வதில் உற்பத்தியாளருக்குள்ள பங்கு. அலை படும்போது திரையில் எண் எவ்வளவு ஆடலாம், எந்தச் செயல்பாடு நிற்கக் கூடாது என்று சோதனைக்கு முன்பே அவர் எழுதிக் கொடுக்கிறார். தாராளமாக எழுதிக்கொண்டால் தடுமாறும் கருவியும் தேறிவிடும். நேர்மையானவர் கறாராக எழுதி, தோற்று, திருத்தி, மறுபடி வருவார். சான்றிதழில் இருவரும் சமம்.

இரண்டாவது ஓட்டை, அலைவரிசைகள் தரநிர்ணயத்தைவிட வேகமாக மாறுவது. மருத்துவக் கருவித் தரநிர்ணயத்தின் 2014 பதிப்பில் பொதுச் சோதனை 2.7 கிகாஹெர்ட்ஸோடு நிற்கிறது. அருகில் வரும் போன், வைஃபைக்கான தனிப் பட்டியல் 2.45 கிகாஹெர்ட்ஸிலிருந்து நேராக 5.24-க்குத் தாவுகிறது. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி சேவையின் முக்கிய அலைவரிசை 3.3 கிகாஹெர்ட்ஸையொட்டியது. அது சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது! தெரிந்த பிற அலைகளையும் ஆபத்துக் கணிப்பில் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. அதைச் செய்தாரா என்று கேட்பவர் வேண்டும்.

மூன்றாவது, சோதனைக்குப் போவது புத்தம்புதிய கருவி. ஐந்து வருடம் கழித்து மூடியின் திருகு தளர்ந்திருக்கும். கவசமிட்ட ஒயருக்குப் பதில் கடைத்தெருவில் கிடைத்த சாதா ஒயர் வந்திருக்கும். அப்போது அந்தக் கருவி எத்தனை வோல்ட் தாங்கும் என்று எந்த அறிக்கையும் சொல்லாது.

'இதெல்லாம் அரிதாக நடப்பதுதானே?'

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 192 மருத்துவக் கருவிகளுக்கு அருகே செல்போனைக் கொண்டுபோய் 300 முறை சோதித்தார்கள். சிகிச்சையைப் பாதிக்கும் குறுக்கீடு ஒருமுறைகூட வரவில்லை. செல்போனைக் கண்டாலே விரட்டிய மருத்துவமனைகள் தளர்ந்ததற்கு இத்தகைய ஆய்வுகளும் காரணம்.

அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாமிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. பொருள்களை அடையாளம் காணப் பயன்படும் ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர்களை 41 மருத்துவக் கருவிகளுக்கு அருகே கொண்டுபோய் 123 முறை சோதித்தார்கள். 34 முறை குறுக்கீடு ஏற்பட்டது. அவற்றில் 22 ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்டன. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான்: எதிர்பார்த்து வடிவமைத்த அலையைக் கருவிகள் பெரும்பாலும் தாங்கிவிடுகின்றன, புதிதாக வரும் அலையிடம் சறுக்குகின்றன. ஆபத்து அரிதானதற்குக் காரணமே தரநிர்ணயம்தான். அரிதாகிவிட்டது என்று சொல்லித் தரநிர்ணயத்தைத் தளர்த்த முடியாது.

அடுத்த எதிர்ப்பு, செலவு. சிறு தொழில் நடத்துபவரின் கவலை உண்மையானது. பல கோடி மதிப்புள்ள சோதனை அறையை அவர் கட்ட முடியாது. லேபில் நேரம் கிடைக்க வரிசையில் நிற்க வேண்டும். ஒருமுறை தோற்றால் மறுபடி கட்டணம். ஆனால் செலவை ஏற்றுவது பெரும்பாலும் கடைசி நேரத்தில் சோதனைக்குப் போவதுதான். வடிவமைப்பின் தொடக்கத்திலேயே போர்டில் தரைத்தளத்தை முறையாக அமைத்து, உள்ளே வரும் ஒயர்களில் சில ரூபாய் விலையுள்ள ஃபெரைட் மணியும் கெபாசிட்டரும் போட்டு, கவசத்தைச் சரியாகத் தரையிணைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பெட்டிக்கு அச்சு அடித்த பிறகு தோற்றால்தான் லட்சங்கள் போகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் கட்டாயம் என்று அறிவித்துக் குழப்ப வேண்டாம். வீட்டில் பயன்படும் மருத்துவக் கருவிகளிலிருந்து தொடங்கலாம். 10 வோல்ட் பொதுச் சோதனை, அருகில் வரும் டிரான்ஸ்மிட்டர்களுக்கான தனிச் சோதனை, அதில் இந்தியாவின் 5ஜி அலைவரிசையும் சேர்த்து. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. இருக்கும் விதிகளின்கீழ் ஓர் அறிவிப்பு போதும்.

இரண்டாவதாக, பெட்டியின் மேல் மூன்று வரி. வீட்டுக்கா, மருத்துவமனைக்கா, எத்தனை வோல்ட், அந்த அலையில் எந்தச் செயல்பாடு தவறாமல் நடந்தது. ஃபிரிட்ஜில் மின்சிக்கன நட்சத்திரத்தைப் பார்த்து வாங்கப் பழகிய மக்களுக்கு இதுவும் பழகிவிடும். உற்பத்தியாளர் தாராளமாக எழுதிக்கொள்ளும் 'பாஸ்' அளவுகோலும் அப்போது வெளிச்சத்துக்கு வரும்.

மூன்றாவதாக, மொத்தமாக வாங்குபவரின் பலம். அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற நிறுவனங்கள் டெண்டரில் தரநிர்ணயத்தின் எண்ணையும் பதிப்பையும் மட்டும் எழுதி நிறுத்தாமல், முழுச் சோதனை அறிக்கையையும் கேட்டு, அதைப் படிக்கத் தெரிந்த பொறியாளரை மதிப்பீட்டுக் குழுவில் உட்கார வைக்கலாம். பெரிய வாடிக்கையாளர் கேட்டால் சந்தை தானாகத் திருந்தும்.

நான்காவதாக, லேப் வசதி. சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. ஒரகடத்தில் வாகனங்களுக்கான உலக வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கோவையிலும் ஓசூரிலும் உள்ள சிறு தயாரிப்பாளர் வடிவமைப்பு நிலையிலேயே ஒரு நாள் வந்து கருவியைச் சோதித்துப் பார்த்துத் திருத்திக்கொண்டு போகும்படி, சலுகைக் கட்டணத்தில் முன்சோதனைக் கூடங்கள் வேண்டும். மத்திய அரசின் திட்டத்தில் ஒரகடத்துக்கு மருத்துவக் கருவிப் பூங்கா ஒதுக்கப்பட்டிருக்கிறது. பொதுச் சோதனை வசதிகளுக்காகவே நிதி தரும் திட்டம் அது. அங்கே இந்தச் சோதனைக்கு முதலிடம் தர வேண்டும்.

ஐந்தாவதாக, நடந்ததைப் பதிவு செய்யும் பழக்கம். மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைத் திரட்ட 2015-இல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்று நம்மிடம் உண்டு. அதற்குப் புகார் அளிக்கும்போது, 'அந்த நேரத்தில் அருகில் போனோ வாக்கி-டாக்கியோ வேறு டிரான்ஸ்மிட்டரோ இயங்கியதா?' என்ற கேள்விக்கும் பதில் கேட்க வேண்டும். அலை வந்த சுவடு எங்கும் இருக்காது. அப்போதே கேட்காவிட்டால், 'கருவி திடீரென்று நின்றது, பிறகு சரியாகிவிட்டது' என்ற ஒற்றை வரியோடு அந்தச் சம்பவம் மறைந்துவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதியில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கிறது. ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும் பொருளுக்குத் தாங்குதிறன் அறிக்கை இல்லாமல் முடியாது. அதை எழுதும் திறமையும் சோதிக்கும் திறமையும் நம் பொறியாளர்களிடம் இருக்கின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் உறுதியை உள்ளூர் நோயாளிக்கும் கொடுக்கச் சொல்வதுதான் இங்கே கோரிக்கை.

அரசு செய்யும்வரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு மருத்துவக் கருவி வாங்கப் போனால், விலையையும் வாரன்ட்டியையும் கேட்டபின் இன்னொன்றையும் கேளுங்கள்: 'ஐ.இ.சி. 60601-1-2, நான்காம் பதிப்பு, வீட்டுச் சூழலுக்குச் சோதித்ததா?' கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாங்கிவந்தபின் அதை ஓட்டும்போது போனை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் விநியோகஸ்தரிடம் கேட்பார். விநியோகஸ்தர் தயாரிப்பாளரிடம் கேட்பார். விதிகள் வருவதற்கு முன்னால் கேள்விகள் வரட்டும்.